அடைப்புக்குள் பன்னிரண்டு தலைநகரங்கள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஜப்பானுக்கு டிக்கெட் கிழித்த கண்டக்டர் என்று ஒருவன் இருந்தானென்றால் அது முருகையன்தான். செஞ்சியிலிருந்து அனந்தபுரம், பனமலை வழியாக விழுப்புரம் போகிற தனியார் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டர். தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகிக்கொண்டு, "அசுகா, நானிவா, ஓட்சு, புஜிவாரா, நாரா" என்று முணுமுணுத்தபடி கூட்டத்துக்குள் நுழைந்து போவான். "இன்னாப்பா, மந்திரம் ஏதாச்சும் ஓதுறியா?" என்று ஒருநாள் காய்கறிக் கூடைக்காரி ஒருத்தி கேட்டாள். "மந்திரம் இல்லம்மா. எல்லாம் ஜப்பான்ல ராஜா குடியிருந்த ஊருங்க. எங்க வீட்டுக்காரிக்குப் பரீட்சை" என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த வீட்டுக்காரிதான் வசந்தா. இது அவளுடைய கதை. முருகையன் கதை பாதியிலேயே முடிந்துவிடும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லி யாரையும் திடுக்கிட வைக்க எனக்கு மனசில்லை.

வசந்தா சிறுகடம்பூரில் பிறந்தவள். அப்பா கன்னியப்பன் செஞ்சிக் கோட்டை வாசலில் காவலாள். கோட்டை பார்க்க வருகிறவர்கள் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். இந்தச் சுவரை யார் கட்டியது, மேலே நெல் கொட்டி வைத்த இடம் எது, கடைசியாக எந்த ராஜா இங்கே இருந்தார். எல்லாவற்றுக்கும் கைகட்டி நின்று, "தெரியாதுங்க" என்பார். பள்ளிக்கூடம் விட்டு அவருக்குச் சோறு எடுத்துப் போகிற பெண்ணுக்கு அந்தத் "தெரியாதுங்க" பொறுக்கவில்லை. ஒருநாள் மெட்ராஸ்காரர் ஒருவர், "இவ்வளவு பெரிய ராஜதானிக்குக் காவல் நிக்கிறே, ஒண்ணும் தெரியலியே" என்று சிரித்துவிட்டுப் போனார். அப்பாவும் கூடச் சிரித்தார். வசந்தாவால் சிரிக்க முடியவில்லை. அவள் சரித்திரம் படித்தது ஞானத்தைத் தேடி என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கோபத்தில்தான் படித்தாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டீச்சர் டிரெய்னிங் முடித்து, அனந்தபுரம் பக்கத்தில் ஒரு யூனியன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்கள். ஒருத்தி வசந்தா, இன்னொருத்தி சாகிரா. கல்யாணம் ஆகி, ஆண்டாள் பிறந்து, அவள் தவழ ஆரம்பித்த பிறகு வசந்தா அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்தாள். அதை முடித்த கையோடு எம்.ஏ. சரித்திரம். கூடவே சாகிராவும் சேர்ந்தாள். எம்.ஏ. முடித்தால் ஊரிலேயே பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சரித்திர டீச்சராகப் பதவி உயர்வு வர வழியுண்டு. நகை கேட்டவளில்லை, பட்டு கேட்டவளில்லை. கரும்பலகையில் 'வரலாறு' என்று எழுதிவிட்டுத் திரும்பி நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

எல்லாப் பேப்பரும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர. தூரகிழக்கு நாடுகளின் வரலாறு. சாகிராவுக்கும் அது ஒன்றுதான் பாக்கி. சீனாவை ஒருமாதிரி சமாளித்துவிடுவாள். ஜப்பான்தான் காலை வாரிவிடும். அதிலும் அந்தத் தலைநகரக் கேள்வி வருஷம் தவறாமல் வரும். எந்த ராஜா எந்த ஊரை விட்டு எந்த ஊருக்குப் போனான், ஏன் போனான் என்று எழுத வேண்டும். முதல் தடவை நாலு மார்க்கில் போயிற்று, அடுத்த தடவை ரெண்டு, மூன்றாவது தடவை ஒரே ஒரு மார்க். மூன்றாவது தடவை ரிசல்ட் வந்த அன்று வசந்தா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். முருகையன் ஹோட்டலில் இட்லி வாங்கி வந்து, புத்தகத்தைக் கையில் எடுத்தான்.

"இத்தினி ஊரா? எங்க ரூட்ல இதைவிட ஜாஸ்தி ஸ்டேஜ் இருக்குது டீச்சர். நான் எதையாச்சும் மறக்கறேனா?" என்றான். வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். கேலியில் ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அன்றிலிருந்து ஜப்பான் அவன் ரூட்டில் ஓட ஆரம்பித்தது. செஞ்சி அசுகா. அனந்தபுரம் நாரா. பனமலை கியோட்டோ. ஏரிக்கரையில் எதிர் பஸ்ஸுக்காக வண்டி வெகுநேரம் நிற்கும். கியோட்டோவில் ராஜா ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்றாரில்லையா, அதனால். விழுப்புரம் டோக்கியோ. அசுகா பள்ளத்தாக்கில் ஒரு ராஜா செத்தால் அடுத்த ராஜா அந்த அரண்மனையில் இருக்க மாட்டார், சாவுத் தீட்டு என்று பக்கத்தில் வேறொன்று கட்டிக்கொண்டு போய்விடுவார், அப்படித்தான் பலர் காரணம் சொல்கிறார்கள் என்று வசந்தா படித்துக் காட்டியபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நம்மாளுங்க சாவு விழுந்தா ஒரு ரூமைத்தான் அடைச்சு வைக்கிறாங்க. அவங்க ஊரையே அடைச்சிட்டுப் போயிருக்காங்களே!"

வசந்தாவும் சிரித்தாள். 

அவளுக்கு எப்போதும் தடுக்குகிற இடம் ஒன்று உண்டு. அம்மை நோய் நாட்டை வாரிக்கொண்டு போன பிறகு ஷோமு என்ற ராஜா நாராவை விட்டுக் கிளம்பி, குனி, நானிவா, ஷிகராக்கி என்று ஐந்து வருஷம் அலைந்துவிட்டுத் திரும்ப நாராவுக்கே வந்து சேர்ந்தார். இந்த மூன்று ஊரும் அவள் பேனாவில் முன்னும் பின்னுமாகத்தான் வரும். அதற்கும் முருகையனிடம் வழி இருந்தது. "அனந்தபுரத்துல ஆள் பத்தலேன்னா இன்னா பண்றோம்? பஸ் ஸ்டாண்ட விட்டுக் கெளம்பி, கடைத்தெரு, அரிசி மில்லு, கோயில் தெருன்னு ஒரு ரவுண்டு அடிச்சிட்டுத் திரும்ப அதே பஸ் ஸ்டாண்டுக்கு வரோம். கடைத்தெரு குனி, மில்லு நானிவா, கோயில் தெரு ஷிகராக்கி. இனிமே மறப்பியா?"

எண்பத்தைந்து ஆகஸ்டில் பல்கலைக்கழகத்திலிருந்து அச்சடித்த காகிதம் ஒன்று வந்தது. பழைய பாடத்திட்டம் முடிகிறது, எண்பத்தாறு ஜனவரிப் பரீட்சையே கடைசி. அதில் தவறினால் எம்.ஏ.வை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். தேறிய ஒன்பது பேப்பரும் குப்பைக்குப் போகும்.

விண்ணப்பம் போய்ச் சேரக் கடைசித் தேதி அக்டோபர் இருபத்தைந்து. இருபத்தோராம் தேதி திங்கட்கிழமை முருகையனுக்கு டியூட்டி இல்லாத நாள். காலையில் வசந்தா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பழுப்புக் கவரை அவன் கையில் கொடுத்து, "ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. இது மட்டும் போகலேன்னா நான் உயிரோடவே இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். வீட்டில் பெண்கள் ஆயிரம் தடவை சொல்கிற வார்த்தைதான். பால் பொங்கி வழிந்தாலும் அதைத்தான் சொல்கிறோம். அவன் கவரை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவள் வந்தபோது அவன் நடு அறையில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை ஆணியில் தொங்கியது.

"போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு. போஸ்ட் ஆபீஸ்ல ஒரே கும்பல். மதியம் ஆயிடுச்சு."

"ரசீது?"

"சட்டைப் பையில இருக்குது. அதெல்லாம் பத்திரமா இருக்குது. நீ உக்காரு. இன்னிக்கு முழு ரூட்டும் நிக்காம ஓட்டணும்."

அவள் உட்கார்ந்தாள். வாழ்க்கையிலேயே அவளுக்கு மிகச் சந்தோஷமான சாயங்காலம் அது என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். புஜிவாரா, சீன முறையில் சதுரம் சதுரமாக வீதி போட்ட முதல் ஊர், பதினாறு வருஷம். நாரா. குனி, நானிவா, ஷிகராக்கி, திரும்ப நாரா. அந்த இடத்தில் முதல் தடவை தடுக்கினாள். "திரும்பச் சொல்லு" என்றான். ஐந்து தடவை சொல்ல வைத்தான். பிறகு நாகஓகா. பத்து வருஷம் இருந்த ஊர். ராஜாவின் தம்பிமேல் கொலைப் பழி விழுந்து, அவன் சோறு தண்ணீர் இல்லாமல் செத்து, அதன்பின் அரண்மனையில் ஒவ்வொருவராகச் சாக, அவன் ஆவிதான் என்று பயந்து அந்த ஊரையும் விட்டார்கள். பிறகு கியோட்டோ. நடுவில் ஆறே மாதம் புகுஹாரா. வீடுகளைப் பிரித்து மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுக்கொண்டு போய், ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். ராஜா கியோட்டோவில் இருக்க, படைத்தலைவன் ஆண்ட இடம் காமகூரா. பிறகு எடோ. அதுவே பேர் மாறி டோக்கியோ.

நடுநடுவே அவன் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். "இன்னா?" என்று கேட்டாள். "வாயு. மத்தியானம் பட்டாணி தின்னேன்." ஆண்டாள் ஓமத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"டோக்கியோவுக்கு ராஜா போனாரே, தலைநகரத்த மாத்திட்டோம்னு கியோட்டோக்காரங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டான்.

"அப்படி ஒரு உத்தரவே போடலியாம். சும்மா போயிட்டு வர்ற மாதிரி கெளம்பியிருக்காரு. அப்புறம் வரவே இல்ல."

"அய்யோ பாவம். எப்ப வருவாருன்னு வாசல் தெளிச்சு வச்சிட்டு உக்காந்திருப்பாங்களே" என்றான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "தப்பில்லாம சொல்லிட்டே டீச்சர். பாஸ்தான்" என்றான்.

விடியற்காலை பால்காரர் மணி அடித்தபோது, நடு அறையில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "ஒரு மாதிரி இருக்குது டீச்சர்" என்றான். வசந்தா ஆட்டோவுக்கு ஓடினாள். ஆட்டோ வாசலுக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முருகையனின் அக்கா பவுனம்மாள் அடுத்த தெருவிலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அழுது ஓய்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு இன்னா நட்சத்திரம்?" அவிட்டம்.  அவிட்டத்தில் உயிர் போனால், போன அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். அதற்குப் பேர் அடைப்பு. உள்ளே விளக்கு இல்லை, பெருக்கல் இல்லை, யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது. மீறித் திறந்தால் அதே வீட்டிலிருந்து இன்னொரு உயிர் போகும் என்பது நம்பிக்கை. பிணத்தை வாசல்படி வழியாகவும் கொண்டுபோகக்கூடாது. கொத்தனார் வந்து பின்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு இடித்தார். 'முன்வழி ஏறு, பின்வழி இறங்கு' என்று பதினோரு வருஷம் கத்தியவனைப் பின்வழியாகவே இறக்கிக்கொண்டு போனார்கள். அன்றே சுவரை அடைத்துப் பூசினார்கள். நடு அறைக் கதவில் பூட்டு விழுந்தது. பவுனம்மாள் அதன்மேல் வேலமுள் கொத்து ஒன்றைச் செருகினாள்.

வசந்தா அப்போது எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மேஜை, பாடக் கட்டுகள், மூன்று வருஷம் எழுதிய நோட்டுகள் எல்லாம் அந்த அறைக்குள் இருந்தன.

நோட்டுகளைச் சாகிரா கொடுத்தாள். தன்னுடையதைப் பார்த்து ராவும் பகலும் கையால் எழுதிக் கொடுத்தாள். "படிக்கணும் வசந்தா டீச்சர். அவரு உங்களுக்காகத்தான் அவ்ளோ பாடுபட்டாரு" என்றாள். வசந்தாவும் படித்தாள். படித்தாள் என்பதைவிட, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் என்று சொல்வது சரி. முருகையனுக்கு இனி அவள் செய்ய முடிந்தது அந்த ஒரு பேப்பரில் தேறுவதுதான் என்று ஆகிவிட்டது.

டிசம்பர் நடுவில் சாகிராவுக்கு ஹால் டிக்கெட் வந்தது. வசந்தாவுக்கு வரவில்லை. தபால்காரரைத் தினமும் வழிமறித்தாள். கடைசியில் லீவு போட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போனாள். பரீட்சைப் பிரிவில் கம்பி வலைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். பதிவேட்டை மூன்று தடவை புரட்டிப் பார்த்தார். "உங்க விண்ணப்பம் எங்களுக்கு வரவே இல்லீங்கம்மா" என்றார்.

"ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினோம். எங்க வீட்டுக்காரரே போய்ப் போட்டாரு."

"அப்ப ரசீது இருக்கும்ல? அதைக் கொண்டாங்க. தேதிக்குள்ள அனுப்பினதுக்கு அத்தாட்சி இருந்தா நானே அதிகாரிகிட்டப் பேசித் தனியா ஹால் டிக்கெட் போட்டுத் தர்றேன். இந்த மாசம் முப்பத்தொண்ணுக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

பஸ்ஸில் திரும்பும்போது திண்டிவனம் வரை அவள் கண் கலங்கவில்லை. திண்டிவனத்தில் கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது உடைந்து அழுதாள்.

செஞ்சி போஸ்ட் ஆபீஸில் கேட்டதற்கு, ரசீது நம்பர் இல்லாமல் பழைய பதிவைத் தேட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த அறைக்குக் கொல்லைப் பக்கம் ஒரு சன்னல் உண்டு. கம்பி போட்டு, பலகைக் கதவு சாத்தியது. பலகையில் ஒரு விரிசல். அதில் கண்ணை வைத்தால் எதிர்ச்சுவரில் நீலக் கட்டச் சட்டை தெரியும். பையிலிருந்து வெள்ளைக் காகிதத்தின் ஒரு முனை நீட்டிக்கொண்டிருப்பது கூடத் தெரியும். பத்தடி தூரம். விரிசலில் கம்பும் நுழையாது.

பவுனம்மாளிடம் கேட்டாள். கெஞ்சினாள். பவுனம்மாள் கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கத்தவில்லை, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்க மாமனாரு சதயத்துல போனாரு. அதுவும் அடைப்பு நட்சத்திரந்தான். ரெண்டாம் மாசம், விதைக்கு வச்ச மல்லாட்டை மூட்டை உள்ள மாட்டிக்கிச்சுன்னு எங்க வீட்டுக்காரரு அடைப்பத் தொறந்தாரு. பத்தே நாளு. என் மவன், மூணு வயசு. காலைல வெளையாடினவன் சாயங்காலம் இல்ல. நான் படிக்காதவ வசந்தா. அது ஜுரத்துல போச்சா, அடைப்பத் தொறந்ததால போச்சான்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. சாவி இந்தா இருக்குது. ஆண்டாள நெனச்சுக்கோ."

சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சாவியைக் கொடுத்ததுதான் வசந்தாவை முடமாக்கியது.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி சாகிரா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாவியக் குடுங்க" என்றாள். "எங்களுக்கு அடைப்பு கெடையாது டீச்சர். நான் உள்ள போறேன். சட்டைப் பையில இருக்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடறேன். ஏதாச்சும் ஆனா எனக்கு ஆகட்டும்."

வசந்தா கொடுத்தாள். ஆம், கொடுத்துவிட்டாள். சாகிரா முள் கொத்தை எடுத்துக் கீழே வைத்தாள். பூட்டில் சாவியை நுழைத்தாள்.

அடுப்படி வாசலில் ஆண்டாள் நின்றுகொண்டிருந்தாள். பத்து வயசு. அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"யம்மா, தொறந்தா அடுத்தது நானா?" என்று கேட்டாள்.

எம்.ஏ. வரை படித்தவள் வசந்தா. தம்பியின் ஆவிக்குப் பயந்து நகரத்தையே தூக்கிக்கொண்டு ஓடிய ராஜாவைப் பற்றி, 'மூடநம்பிக்கையின் ஆதிக்கம்' என்று விடைத்தாளில் எழுதியவள். ஓடிப் போய்ச் சாகிராவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். முள்ளை எடுத்துப் பழையபடி செருகினாள். விரலில் குத்தி ரத்தம் வந்தது. "வேணாம் டீச்சர். வேணாம். போயிடுங்க" என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி வந்தது, போயிற்று.

ஜனவரியில் சாகிரா விழுப்புரத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். திரும்பி வந்தவள் கேள்வித்தாளை வெளியே எடுக்கவே இல்லை. வசந்தாதான் அவள் பையைத் திறந்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது கேள்வி. 'ஜப்பானியத் தலைநகரங்கள் இடம் மாறிய வரலாற்றைக் காரணங்களுடன் விளக்குக.' வசந்தா அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்று முழுவதையும் சொன்னாள். குனி, நானிவா, ஷிகராக்கி, திரும்ப நாரா. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. சாகிரா பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் நாட்கள் போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சோறு பொங்கினாள். தினமும் ஒரு தடவை சன்னல் விரிசலில் கண்ணை வைத்தாள். சட்டை இருந்தது. காகித முனை இருந்தது. பல்கலைக்கழகத்தைத் திட்டினாள், தபாலைத் தொலைத்தவனைத் திட்டினாள், எல்லாவற்றையும்விடத் தன்னைத் திட்டினாள். பத்தடி நடந்திருந்தால் அவனுடைய அத்தனை பாடும் பலித்திருக்குமே. அந்த நினைப்பு அவளைத் தின்றது. புகுஹாராவுக்குப் போனவர்களாவது ஆறு மாதத்தில் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவளுக்குத் திரும்பிப் போக ஒரு இடமும் இல்லை.

சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து அடைப்பு முடிந்தது. ஐயர் வந்தார். பரிகாரமாக வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி முகம் பார்க்கச் சொன்னார். முள்ளை எடுத்து எறிந்தார்கள். கதவைத் திறந்தபோது புழுதியும் எலிப்புழுக்கையும் பழைய வியர்வை வாடையும் ஒன்றாக வந்து அடித்தன. பவுனம்மாளும் ஆண்டாளும் வெளியே தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க, வசந்தா முதலில் உள்ளே போனாள். நேராகச் சட்டையிடம்தான் போனாள்.

சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். அதன் பின்னால் அதே ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. பைக்குள் பழுப்புக் கவர் இருந்தது. அவள் கையெழுத்தில் விலாசம் எழுதிய கவர். ஒட்டியபடி, தபால் முத்திரை எதுவும் இல்லாமல்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கோபம் வந்தது. செத்தவன்மேல் வரக்கூடாத கோபம். 'போட்டாச்சு' என்றானே. கண்ணைப் பார்த்துச் சொன்னானே.

பிறகு சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். ஆறு மாதமாக விரிசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைக் காகிதம் ரசீது இல்லை. செஞ்சி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிச் சீட்டு. முருகையன், வயது நாற்பத்து மூன்று. தேதி 21-10-85. நெஞ்சு வலி, இடது கை வலி. கீழே இங்கிலீஷில் ஒரு வரி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. இன்றே, தாமதிக்காமல், புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

வசந்தா தரையில் உட்கார்ந்தாள்.

தபால் ஆபீஸுக்குப் போகிற வழியில் வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றிருக்கிறான். வெளியே வந்தபோது ரிஜிஸ்டர் எடுக்கிற நேரம் தாண்டியிருக்கும். புதுச்சேரி பஸ் ஏறாமல் வீட்டுக்கு வந்திருக்கிறான். மறுநாள் டியூட்டியில் விழுப்புரத்தில் போட்டுவிடலாம், தேதி இருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பான். விண்ணப்பம் போகவில்லை என்றால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று காலையில் ஒருத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே, அவளிடம் எப்படிச் சொல்வான்? அதனால் 'போட்டாச்சு' என்றான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவளை உட்காரச் சொன்னான். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே குனி, நானிவா, ஷிகராக்கியை ஐந்து தடவை சொல்ல வைத்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் புதுச்சேரிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவளோ தடுக்காமல் சொல்லிவிட்ட பெருமையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்திருந்தாலும் பரீட்சை கிடைத்திருக்காது. அத்தனை மாதம் தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம் வீண். ஆனால் இது ஆறுதல் என்று யாராவது அவளிடம் போய்ச் சொல்லட்டும், பார்க்கலாம்.

"இன்னா வசந்தா, ரசீது இருக்குதா?" பவுனம்மாள் வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஆண்டாள்.

வசந்தா சீட்டை நான்காக மடித்தாள். கவரை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

"இருக்குது அண்ணி" என்றாள். "அவரு அன்னிக்கே போட்டிருக்காரு."

"நான்தான் சொன்னேனே, என் தம்பி சொன்ன சொல்லு தப்ப மாட்டான்னு!" பவுனம்மாள் ஓவென்று அழுதாள். "நைனா போட்டிருக்காருல்லம்மா?" என்று ஆண்டாள் கேட்டாள். "போட்டிருக்காரு" என்றாள் வசந்தா.

சாகிரா தேறிவிட்டாள். மூன்று வருஷம் கழித்துப் பெண்கள் பள்ளிக்குச் சரித்திர டீச்சராகப் போனாள். வசந்தா மறுபடி படிக்கவில்லை. அனந்தபுரம் பஸ்ஸிலும் ஏறுவதில்லை. விடியலில் எழுந்து வேறு வழியில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் சொல்லித் தருகிறாள். கோட்டையைப் பற்றிப் பிள்ளைகள் ஏதாவது கேட்டால், "தெரியாது" என்கிறாள்.

தெருவில் யாராவது அவள் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பவுனம்மாள் விடமாட்டாள். "எங்க தம்பி உயிரக் குடுத்து அனுப்பின தபாலு. அதைத் தொலைச்ச பாவிங்க நல்லாயிருப்பானுங்களா?" என்று மண்ணை வாரித் தூற்றுவாள். கேட்கிறவர்களும் சேர்ந்து சபிப்பார்கள். வசந்தா அருகில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.